அமெரிக்காவின் 19-ஆம் நூற்றாண்டு வீரப் பதக்கங்கள்: யாரை, எந்த அளவுகோலில் போற்றுவது?

ஏடகம்

அமெரிக்காவின் மிக உயர்ந்த போர் விருதான மெடல் ஆஃப் ஹானர் இதுவரை சுமார் 3,500 முறை வழங்கப்பட்டிருக்கிறது. அவற்றில் 1,500-க்கும் மேற்பட்டவை 1861 முதல் 1865 வரை வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போருக்கு மட்டும் உரியவை. அதற்குப் பின் மேற்குச் சமவெளிகளில் பூர்வகுடி மக்களுக்கு எதிராக நடந்த போர்களுக்காக 400-க்கும் மேல் வழங்கப்பட்டன. ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள் சீருடை அணிந்த இரண்டாம் உலகப் போர் முழுவதற்கும் சேர்த்துக் கிடைத்தவை 500-க்கும் குறைவு. இந்த எண்ணிக்கைகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எழும் ஐயத்தை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்: அந்த நூற்றாண்டின் பதக்கம் பெற்றவர்களை நாம் இன்றைய பதக்கம் பெற்றவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்திப் போற்றலாமா?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐயோவா மாநில செனட்டர் ஜேம்ஸ் கிரைம்ஸ் முன்மொழிந்த கடற்படைப் பதக்கச் சட்டத்தில் லிங்கன் 1861 டிசம்பர் 21 அன்று கையொப்பமிட்டார். தரைப்படைக்கான பதக்கம் 1862 ஜூலை 12 அன்று வந்தது. தொடக்கத்தில் அது சாதாரணச் சிப்பாய்களுக்கும் கீழ்நிலை அலுவலர்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. 1863 மார்ச்சில்தான் அதிகாரிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

முதல் பதக்கங்கள் வழங்கப்பட்ட நிகழ்ச்சி உண்மையிலேயே மெய்சிலிர்க்க வைப்பது. 1862 ஏப்ரல் 12 அன்று, ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற ஒற்றரின் தலைமையில் ஒஹையோ படைப்பிரிவுகளைச் சேர்ந்த சிப்பாய்கள் சாதாரண உடையில் எதிரி எல்லைக்குள் புகுந்து, ஜார்ஜியாவில் பிக் ஷான்டி என்ற நிலையத்தில் ரயில் ஊழியர்களும் பயணிகளும் காலை உணவுக்காக இறங்கியிருந்த நேரம் பார்த்து, 'ஜெனரல்' என்ற எஞ்சினை மூன்று சரக்குப் பெட்டிகளோடு கழற்றிக்கொண்டு வடக்கே பறந்தார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து, தந்திக் கம்பிகளை அறுத்து, பாலங்களை எரித்து, சட்டனூகா நகருக்குச் செல்லும் பாதையைத் துண்டிப்பது திட்டம். அந்த ரயிலின் கண்டக்டர் வில்லியம் ஃபுல்லர் முதலில் ஓடியும், பிறகு தள்ளுவண்டியிலும், பிறகு கிடைத்த எஞ்சின்களிலும் துரத்தி வந்ததால், சுமார் 140 கிலோமீட்டர் ஓடியபின் எரிபொருளும் நீரும் தீர்ந்து அவர்கள் பிடிபட்டார்கள். ஆண்ட்ரூஸ் உட்பட எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டனர். எட்டுப் பேர் சிறையிலிருந்து தப்பினர். மீதி ஆறு பேர் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையாகி வாஷிங்டனுக்கு வந்தபோது, 1863 மார்ச் 25 அன்று போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டன் அவர்களிடம் பதக்கங்களைக் கொடுத்தார். அவர்களுள் முதலில் பெற்ற ஜேக்கப் பேரட், சிறையில் சவுக்கடி பட்டும் வாய் திறக்காத இளைஞர். அதனால்தான் அமெரிக்காவில் மார்ச் 25 இன்றும் பதக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இப்படித் தொடங்கிய ஒரு விருது, அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் மொத்தமாக அள்ளிக் கொடுக்கப்பட்டது. என் கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

கல்லணை

நண்பர் ஏடகம் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகப் படவில்லை. இன்று அமெரிக்கப் படையில் வீரத்துக்குப் படிப்படியாகப் பல விருதுகள் இருக்கின்றன. ஆனால் அடுத்த நிலை வீர விருதான டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் போன்றவை 1918-இல்தான் வந்தன. அதற்கு முன்பு, மெக்சிகோ போர்க்காலத்தில் 1847-இல் தோன்றிய தகுதிச் சான்றிதழைத் தவிர்த்தால், ஒரு சிப்பாயின் நற்செயலை அரசு ஏற்றுக்கொண்டது என்பதற்குக் கையில் கொடுக்க இந்த ஒரே பதக்கம்தான் இருந்தது. பெரிய வீரத்துக்கும் சிறிய வீரத்துக்கும் அதே பதக்கம். ஆகவே எண்ணிக்கை பெருத்ததற்கு வீரத்தின் மலிவு காரணமன்று, விருதுகளின் வறுமையே காரணம்.

இன்னொன்றையும் கருத வேண்டும். அந்தப் போரின் பதக்கக் குறிப்புகளைப் படித்தால் பாதிக்குப் பாதி கொடியைப் பற்றியே இருப்பதுபோல் தோன்றும்: எதிரியின் கொடியைக் கைப்பற்றினார், அல்லது தன் படையின் கொடியை விழாமல் காத்தார். இன்று வாசிப்பவருக்கு இது வெறும் சடங்கு போலத் தெரியலாம். கரும்புகை மூடிய களத்தில், ஆணைகள் காதில் விழாத இரைச்சலில், தன் படை எங்கே நிற்கிறது, முன்னேறுகிறதா பின்வாங்குகிறதா என்பதைச் சிப்பாய்க்குச் சொன்னது அந்தக் கொடி மட்டுமே. அதனாலேயே எதிரியின் துப்பாக்கிகள் எல்லாம் கொடி ஏந்தியவரையே முதலில் குறிவைத்தன. கொடி ஏந்தியவருக்குக் கையில் துப்பாக்கியும் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டே, முன்னவர் விழுந்த இடத்தில் குனிந்து கொடியை எடுத்தவரை நான் எந்த நூற்றாண்டு வீரரோடும் ஒரே வரிசையில் நிறுத்துவேன்.

களத்தில் கிடந்த கொடியைப் பொறுக்கி வந்து பதக்கம் வாங்கியவர்களும் இருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. போரின் கடைசி வாரங்களில், தென்னகப் படை சிதறி ஓடியபோது, கொடிகள் கூட்டங்கூட்டமாகக் கைப்பற்றப்பட்டன. ஆனால் அதே வாரங்களில்தான் டாம் கஸ்டர், 1865 ஏப்ரல் 3 அன்றும் 6 அன்றுமாக இரண்டு கொடிகளைக் கைப்பற்றி, இரண்டாவதில் முகத்தில் குண்டு பாய்ந்த நிலையிலும் கொடியோடு திரும்பி, இரண்டு பதக்கங்களைப் பெற்றார்.

தும்பை

ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் பதக்கம் கொடுத்தார்கள் என்பது எந்தக் கதை? சற்று விரித்துச் சொல்லுங்கள் ஐயா.

ஏடகம்

அது 27-ஆவது மெய்ன் காலாட்படையின் கதை. 1863 ஜூன் இறுதியில் தென்னகத் தளபதி லீ பென்சில்வேனியாவுக்குள் நுழைந்துவிட்டார். தலைநகர் வாஷிங்டனைக் காக்கப் போதிய படை இல்லை. அந்த நேரம் பார்த்து, ஒன்பது மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த இந்தப் பிரிவின் பணிக்காலம் முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. நெருக்கடி தீரும்வரை தங்கும்படி அரசு வேண்டியது. தங்குபவர்களுக்குப் பதக்கம் உண்டு என்று ஸ்டான்டன் வாக்களித்தார். சுமார் 300 பேர் தங்கினார்கள். மற்றவர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். கெட்டிஸ்பர்க் போர் அந்த வாரமே முடிந்துவிட்டதால், தங்கியவர்கள் தலைநகரின் அரண்களில் காவல் நின்றதோடு பணி முடிந்தது. பின்னர் பெயர்ப்பட்டியல் தயாரானபோது, தங்கியவர் யார், சென்றவர் யார் என்ற பிரிப்பு இல்லாமல் 864 பெயர்களுக்கும் பதக்கம் அடித்து அனுப்பிவிட்டார்கள். படைத்தலைவர் மார்க் வென்ட்வொர்த் நேர்மையானவர். தங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மீதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார் என்பது ஒரு சிறிய ஆறுதல்.

இந்தக் குளறுபடியோடு வேறு சிலவும் சேர்ந்தன. லிங்கனின் உடலை இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு வரை கொண்டுசென்ற மெய்க்காவல் அணியினர் 29 பேருக்கும் இதே பதக்கம் தரப்பட்டது. அவர்கள் எந்த எதிரியையும் சந்திக்கவில்லை. 1890-களில், போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கழித்து, முதுமையடைந்த வீரர்கள் தாங்களே விண்ணப்பம் எழுதத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டில் மட்டும் உள்நாட்டுப் போருக்காக நூற்றுக்கணக்கான பதக்கங்கள் வழங்கப்பட்டன. 1897-இல்தான், விண்ணப்பிப்பவர் தாமே தமக்காகச் சான்று சொல்லக்கூடாது, நேரில் கண்டவர் சொல்ல வேண்டும் என்பது போன்ற விதிகள் வந்தன.

1916-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், 65 வயதைக் கடந்த பதக்கதாரர்களுக்கு மாதம் 10 டாலர் ஓய்வூதியம் தரச் சட்டம் இயற்றியது. பணம் வந்ததும் பட்டியலைச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. ஓய்வுபெற்ற ஐந்து ஜெனரல்கள் கொண்ட குழு, நெல்சன் மைல்ஸ் தலைமையில், தரைப்படை அதுவரை வழங்கிய பதக்கங்கள் அனைத்தையும் ஆராய்ந்து 1917-இல் 911 பெயர்களை நீக்கியது. மெய்ன் படையினர் 864 பேர், இறுதி ஊர்வலக் காவலர் 29 பேர், இராணுவத்தில் முறையாகச் சேராத 6 பேர், வேறு காரணங்களுக்காக 12 பேர். கடற்படையின் பட்டியலை இந்தக் குழு தொடவில்லை. நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றியதற்காகக்கூட அமைதிக்காலத்தில் கடற்படை பதக்கம் கொடுத்திருக்கிறது, அவை அப்படியே நிற்கின்றன.

நெய்தல்

'இராணுவத்தில் முறையாகச் சேராத 6 பேர்' என்று நீங்கள் ஒரே மூச்சில் கடந்துபோன இடத்தில்தான் மேரி வாக்கர் இருக்கிறார். இந்தப் பதக்கத்தை இன்றுவரை பெற்ற ஒரே பெண் அவர். இந்த இழையில் அவருக்கு அரை வாக்கியம் போதாது.

1855-இல் சிரக்யூஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். போர் தொடங்கியதும் அறுவை மருத்துவராகப் பணியாற்ற விண்ணப்பித்தார். பெண் என்பதால் இராணுவம் அவருக்கு அதிகாரிப் பதவி கொடுக்க மறுத்தது. ஊதியமில்லாமலேயே களத்து மருத்துவமனைகளில் உழைத்தார். பிறகு 52-ஆவது ஒஹையோ காலாட்படையில் ஒப்பந்த மருத்துவராக அமர்த்தப்பட்டார். போர்க்கோட்டைத் தாண்டிச் சென்று அப்பாலிருந்த பொதுமக்களுக்கும் மருத்துவம் பார்த்தார். அப்படி ஒருமுறை சென்றபோது 1864 ஏப்ரலில் தென்னகப் படையிடம் பிடிபட்டு, ரிச்மண்டில் காசில் தண்டர் என்ற சிறையில் நான்கு மாதம் கிடந்தார். ஆகஸ்டில் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானபோது, தனக்கு ஈடாக ஓர் ஆண் அதிகாரி விடுவிக்கப்பட்டார் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். போர் முடிந்ததும் அவர் கேட்டது இராணுவப் பதவி. அதைத் தர விதியில் இடமில்லை என்று கைவிரித்த அரசு, 1865 நவம்பரில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனின் ஆணையால் இந்தப் பதக்கத்தைக் கொடுத்தது.

1917-இல் அதைத் திரும்பக் கேட்டபோது அவருக்கு 84 வயது. அவர் கொடுக்கவில்லை. அனுமதியின்றி அணிவது குற்றம் என்று சட்டம் சொன்னபோதும் 1919 பிப்ரவரியில் இறக்கும்வரை அதை அணிந்தே நடமாடினார். கால்சட்டை அணிந்ததற்காகவே பலமுறை கைதானவரை இந்த மிரட்டல் என்ன செய்யும்! கார்ட்டர் ஆட்சியில், 1977-இல், இராணுவம் பதக்கத்தை அவர் பெயருக்கு மீட்டளித்தது.

விதி அவரை இருமுறை வெளியே நிறுத்தியது என்பதைக் கவனியுங்கள். பெண் என்பதால் முறையாகச் சேர்க்க மறுத்தார்கள். முறையாகச் சேராதவர் என்பதால் பதக்கத்தைப் பறித்தார்கள். மைல்ஸ் குழுவின் துப்புரவுப் பணியைப் பாராட்டுபவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

கல்லணை

மேரி வாக்கரின் துணிவில் எனக்கு ஐயமே இல்லை, அம்மா. ஆனால் குழுவின் முன் இருந்த கேள்வி, சட்டம் 'அதிகாரிகளும் சிப்பாய்களும்' என்று சொல்லும்போது ஒப்பந்தக்காரருக்கு இந்தப் பதக்கம் செல்லுமா என்பதுதான். அதே காரணத்தால் குடிமக்களாகப் பணியாற்றிய ஐந்து வழிகாட்டிகளும் நீக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் 'பஃபலோ பில்' கோடி, உலகம் முழுவதும் புகழ்பெற்றிருந்த மனிதர். 1917 ஜனவரியில் அவர் இறந்த அடுத்த மாதமே அவருடைய பெயர் அடிக்கப்பட்டது. ஆணோ பெண்ணோ, புகழோ இல்லையோ, விதி ஒன்றாகவே பாய்ந்தது. அந்த ஐவருக்கும் 1989-இல் பதக்கம் மீண்டது.

விதியை இப்படித் தளர்த்தும்போது வேறோர் அநீதி பிறக்கிறது. ஏடகம் சொன்ன ரயில் கதையின் நாயகன் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸும் குடிமகன்தான். திட்டம் அவருடையது, தலைமை அவருடையது, முதலில் தூக்கில் தொங்கியவரும் அவர். அவருடன் சென்று தூக்கிலேறிய இன்னொரு குடிமகன் வில்லியம் கேம்ப்பெல். குடிமகன் என்ற ஒரே காரணத்தால் இருவருக்கும் இன்றுவரை பதக்கம் இல்லை. வாக்கருக்கும் கோடிக்கும் திறந்த கதவு ஆண்ட்ரூஸுக்கு ஏன் திறக்கவில்லை?

நெய்தல்

கதவைத் திறங்கள் என்பதே என் விடை. ஆண்ட்ரூஸ் விரும்பி ஒற்றராக இருந்தார். சிப்பாயாகச் சேர அவருக்கு எந்தத் தடையும் இல்லை. வாக்கர் சேர வந்தார், தடுக்கப்பட்டார். இந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு இருவரையும் 'குடிமக்கள்' என்ற ஒரே பெட்டியில் போட முடியாது. என்றாலும் ஆண்ட்ரூஸுக்குப் பதக்கம் கொடுத்தால் நான் எதிர்க்க மாட்டேன்.

பொருநை

இதுவரை பேசியவர்கள் எல்லாரும் தகுதியானவருக்குக் கிடைத்ததா, பறிக்கப்பட்டதா என்பதையே பார்க்கிறீர்கள். எதிர்முனையில் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏடகம் முதல் பத்தியிலேயே 'பூர்வகுடி மக்களுக்கு எதிராக நடந்த போர்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்.

1890 டிசம்பர் 29 அன்று, தென் டகோட்டாவில் வூண்டட் நீ ஓடையருகே, பிக் ஃபுட் என்று அழைக்கப்பட்ட தலைவரின் லகோட்டா மக்கள் சுமார் 350 பேரை ஏழாவது குதிரைப்படை சுற்றி வளைத்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தலைவர் நிமோனியாவில் படுத்திருந்தார். மேட்டில் நான்கு ஹாட்ச்கிஸ் பீரங்கிகள் அவர்களை நோக்கி நிறுத்தப்பட்டிருந்தன. ஆயுதங்களைப் பறிக்கும்போது ஒரு துப்பாக்கி வெடித்தது. அதன் பிறகு நடந்ததைப் போர் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. இறந்த லகோட்டா மக்களின் எண்ணிக்கை 150 முதல் 300 வரை, அதற்கு மேலும், பலவாறாகக் கணிக்கப்படுகிறது. தப்பி ஓடியவர்கள் வெகுதூரம் வரை துரத்திக் கொல்லப்பட்டார்கள். படையினரில் சுமார் 25 பேர் இறந்தனர். வட்டமாக நின்று சுட்டதால் தங்கள் குண்டுகளாலேயே சிலர் விழுந்திருக்கக்கூடும். பனிப்புயல் ஓய்ந்தபின் உடல்களை ஒரே குழியில் இட்டு மூடினார்கள். இந்த நாளுக்காக சுமார் 20 மெடல் ஆஃப் ஹானர் வழங்கப்பட்டன. அவற்றில் சிலவற்றின் குறிப்பு, பள்ளத்தில் ஒளிந்திருந்த 'இந்தியர்களை', அதாவது பூர்வகுடியினரை, வெளியேற்றியதற்காக என்கிறது. அந்தப் பள்ளத்தில் பெண்களும் குழந்தைகளும் ஒளிந்திருந்தார்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது நெல்சன் மைல்ஸின் பங்கு. அன்று அந்தப் பகுதிப் படைகளுக்கெல்லாம் தலைமைத் தளபதி அவர்தான். நடந்ததை அறிந்து கொதித்து, களத்தில் இருந்த கர்னல் ஃபோர்சைத்தைப் பொறுப்பிலிருந்து நீக்கி விசாரணை வைத்தார். மேலிடம் ஃபோர்சைத்தை மீண்டும் பதவியில் அமர்த்தியது. அதே மைல்ஸ் 1917-இல், உயிர்பிழைத்த லகோட்டா மக்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று எழுதினார். அதே ஆண்டில், அவர் தலைமை தாங்கிய குழு மேரி வாக்கரின் பெயரை அடித்தது. வூண்டட் நீ பெயர்களைத் தொடவில்லை. ஒரு பெண் மருத்துவரின் ஒப்பந்தத் தாளில் குறை கண்ட கண்ணுக்கு இது தெரியவில்லை.

1990-இல் காங்கிரஸ் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. பதக்கங்களை நீக்கும் மசோதா 2019-இலும் அதற்குப் பின்னும் வந்தது, நிறைவேறவில்லை. 2024-இல் பாதுகாப்புச் செயலர் லாயிட் ஆஸ்டின் மறுஆய்வுக்கு ஆணையிட்டார். 2025 செப்டம்பரில் அவருக்குப் பின் வந்த பீட் ஹெக்செத், பதக்கங்கள் நீடிக்கும், இதுவே இறுதி முடிவு என்று அறிவித்துவிட்டார். இந்த இருபதையும் பேரட்டின் பதக்கத்தையும் ஒரே பட்டியலில் வைத்து மார்ச் 25 அன்று மலர் தூவுவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

ஏடகம்

பொருநையின் சினம் நியாயமானது. மைல்ஸ் பற்றிய முரணை அவர் சரியாகவே சுட்டுகிறார். மைல்ஸே உள்நாட்டுப் போரில் சான்சலர்ஸ்வில் களத்துக்காக 1892-இல் இதே பதக்கம் பெற்றவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். குழு ஏன் தொடவில்லை என்பதற்கு ஒரு காரணம் அதன் வேலைமுறை: கோப்பில் உள்ள குறிப்பைப் படித்து, அதில் எதிரியோடு மோதல் இருக்கிறதா, கடமைக்கு மேற்பட்ட செயல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மெய்ன் படையினரின் கோப்பில் மோதல் இல்லை. வூண்டட் நீ கோப்பில் அது இருந்தது. கோப்பை எழுதியவர்கள் ஏழாவது குதிரைப்படையினர். லகோட்டா மக்களின் சாட்சியம் அந்தக் கோப்பில் இடம்பெறவே இல்லை.

ஆனால் பூர்வகுடிப் போர்களின் 400-க்கும் மேற்பட்ட பதக்கங்கள் அனைத்தையும் ஒரே கோலால் அளப்பதைத் தயங்கியே ஏற்பேன். அவற்றில் காயமுற்ற தோழரை அம்பு மழைக்கிடையே தூக்கி வந்தவர்களும், முற்றுகையிடப்பட்டவர்களுக்காக இரவில் தண்ணீர் எடுக்கச் சென்றவர்களும் உண்டு. ஜெனரல் குரூக்கின் 1872–73 அரிசோனாப் படையெடுப்புக்காகப் பதக்கம் பெற்றவர்களில் பத்துப் பேர் அப்பாச்சி இனத்து வழிகாட்டிகளே. அவர்களுடைய நிலையை எளிதில் வகைப்படுத்திவிட முடியாது.

பொருநை

நான் நானூறையும் கேட்கவில்லை. ஒரு நாளைக் கேட்கிறேன். லிங்கனின் சவப்பெட்டியோடு நடந்தவர்களின் பதக்கத்தைப் பறிக்கலாம், அது மரபைத் தூய்மையாக்குகிறது. வூண்டட் நீ பதக்கங்களைப் பறிக்கக்கூடாது, அது மரபைக் குலைக்கிறது என்ற வாதத்தில்தான் என் எதிர்ப்பு.

தும்பை

கறுப்பினச் சிப்பாய்களின் நிலை என்ன? அவர்களுக்கு அந்தக் காலத்திலேயே பதக்கம் கிடைத்ததா, அல்லது அவர்களும் நூறாண்டு காத்திருந்தார்களா?

நெய்தல்

இரண்டும் நடந்தது. கடற்படையில், மார்பிள்ஹெட் என்ற கப்பலில் இருந்த ராபர்ட் பிளேக், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர், 1863 கிறிஸ்துமஸ் நாளன்று தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றில் நடந்த சண்டைக்காக மறு ஆண்டே பதக்கம் பெற்றார். பதக்கத்தைக் கையில் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

1864 செப்டம்பர் 29 அன்று வர்ஜீனியாவில் நியூ மார்க்கெட் ஹைட்ஸ் என்ற இடத்தில் கறுப்பினப் படைப்பிரிவுகள், கூரிய மரத்தடைகளையும் சதுப்பையும் கடந்து அரணைத் தாக்கின. அந்த ஒரு காலைப் போருக்காகக் கறுப்பினச் சிப்பாய்கள் 14 பேர் பதக்கம் பெற்றார்கள். அவர்களுள் பால்டிமோரைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃப்ளீட்வுட், கொடி ஏந்திய இருவர் அடுத்தடுத்து விழுந்தபின் கொடியை எடுத்துக்கொண்டு முன்னே போனவர். ராபர்ட் பின், தன் கம்பெனியின் அதிகாரிகள் எல்லாரும் கொல்லப்பட்டோ காயமுற்றோ விழுந்தபின் தானே தலைமை ஏற்று நடத்தியவர். பின்னாளில் ஒஹையோவில் வழக்கறிஞரானார். கறுப்பினத்தவர் அதிகாரியாக உயர அன்று அநேகமாக வழியே இல்லை என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தலைமை தாங்கும் தகுதி பதக்கத்தில் எழுதப்பட்டது; பதவி அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

வில்லியம் கார்னியின் கதை வேறு வகை. 1863 ஜூலை 18 அன்று ஃபோர்ட் வேக்னர் கோட்டைத் தாக்குதலில் 54-ஆவது மாசசூசெட்ஸ் படை சிதைந்தபோது, கொடியை ஏந்தி மதில்வரை சென்று, பல காயங்களோடு தவழ்ந்தும் நடந்தும் அதைத் தரையில் படவிடாமல் திரும்பக் கொண்டுவந்தார். பதக்கம் வந்தது 1900 மே மாதத்தில். இடைப்பட்ட ஆண்டுகளில் நியூ பெட்ஃபோர்டு நகரில் தபால்காரராக வேலை பார்த்தார். காலத்தாழ்வுக்கு நிறம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கெட்டிஸ்பர்க் குன்றில் நின்ற வெள்ளையின அதிகாரி சேம்பர்லினும் 1893 வரை காத்திருந்தார். ஆனால் ஆண்ட்ரூ ஜாக்சன் ஸ்மித்தின் காத்திருப்புக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. 55-ஆவது மாசசூசெட்ஸ் படையின் கார்ப்பரல் அவர். 1864 நவம்பரில் ஹனி ஹில் களத்தில், கொடியேந்தியவர் குண்டு பட்டுச் சிதறியதும் கொடியை எடுத்துக் காத்தார். 1916-இல் அவருக்காகப் பரிந்துரை போனபோது, ஆவணம் இல்லை என்று இராணுவம் திருப்பி அனுப்பியது. ஆவணங்கள் இருக்கத்தான் செய்தன. 2001 ஜனவரி 16 அன்று கிளின்டன் அவருடைய வழித்தோன்றல்களிடம் பதக்கத்தைக் கொடுத்தார். அதே நிகழ்ச்சியில், 1898-இல் கியூபாவின் சான் ஹுவான் குன்றில் போரிட்ட தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கும் கொடுக்கப்பட்டது. வாழ்நாளில் அதற்காக வெளிப்படையாக முயன்று தோற்றவர் ரூஸ்வெல்ட். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராகவே ஆனவருக்கும் ஒரு கார்ப்பரலுக்கும் ஒரே நாளில் கிடைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கல்லணை

ராபர்ட் பின் பெயர் வந்ததால் ஓர் அண்மைச் செய்தியைச் சேர்க்கிறேன். வர்ஜீனியாவில் தென்னகத் தளபதி ஏ. பி. ஹில் பெயரில் இருந்த இராணுவத் தளம், 2023 ஆகஸ்டில் மேரி வாக்கர் பெயரால் ஃபோர்ட் வாக்கர் ஆனது. 2025-இல் மீண்டும் மாற்றி, ஃபோர்ட் ஆண்டர்சன்-பின்-ஹில் என்று வைத்திருக்கிறார்கள். மூவருமே உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் போரிட்டு மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர்கள்: 1865 ஜனவரியில் ஃபோர்ட் ஃபிஷர் தாக்குதலில் மரத்தடைகளை வெட்டிச் சாய்க்க முன்வந்து, 1914-இல் பதக்கம் பெற்ற கறுப்பினச் சிப்பாய் புரூஸ் ஆண்டர்சன், ராபர்ட் பின், கோல்டு ஹார்பரில் போரிட்ட எட்வர்டு ஹில். அதே மாநிலத்திலுள்ள ஃபோர்ட் கிரெக்-ஆடம்ஸ் மீண்டும் ஃபோர்ட் லீ ஆகியிருக்கிறது. இம்முறை அது கியூபாவில் 1898 ஜூன் 30 இரவு, முந்தைய மீட்பு முயற்சிகள் தோற்றபின் கரையில் சிக்கிய காயமுற்ற தோழர்களை மீட்டுவந்த பத்தாவது குதிரைப்படையின் கறுப்பினச் சிப்பாய் ஃபிட்ஸ் லீயின் பெயர். அவர் மறு ஆண்டு பதக்கம் பெற்று, கண்பார்வை இழந்து, அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தவர். எந்த நோக்கத்தோடு செய்திருந்தாலும், யாரும் நினைவில் வைத்திராத நான்கு பேரின் பெயர் இன்று நுழைவாயில்களுக்கு உரியதாகியிருக்கிறது.

நெய்தல்

நோக்கத்தை அப்படி எளிதில் ஒதுக்கிவிட முடியாது, ஐயா. தென்னகத் தளபதிகளின் பெயர் சூட்டச் சட்டம் தடை விதித்ததால், அதே ஓசை வரும் பெயருடைய வேறு வீரர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஆண்டர்சனும் பின்னும் ஹில்லும் ஒரே களத்தில் நின்றவர்கள் அல்லர், ஒரே படையினரும் அல்லர். அவர்களைச் சேர்ப்பது 'ஏ', 'பி', 'ஹில்' என்ற மூன்று ஒலிகளே. அவர்களுக்கு இடம் கொடுக்க வெளியேற்றப்பட்டவர் மீண்டும் மேரி வாக்கர். ராபர்ட் பின்னுக்குத் தனியே ஒரு தளம் வைத்திருந்தால் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். இன்னொருவரின் நிழலைக் காக்க அவரை நிறுத்தியிருப்பது மரியாதையாகாது.

கல்லணை

ஊர்மக்கள் நாளடைவில் ஏன் இந்தப் பெயர் என்று கேட்பார்கள், விடையாக பின்னின் கதை கிடைக்கும். அந்த அளவில் நான் மகிழ்கிறேன். வாக்கருக்கு இழைக்கப்பட்டது தவறு என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

ஏடகம்

இத்தனை மறுமொழிகளையும் படித்தபின், என் தொடக்கக் கேள்விக்கு எண்ணிக்கையைக் கொண்டு விடை காண முடியாது என்ற கல்லணையின் கருத்தே வலுப்பெறுகிறது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பதக்கத்துக்கும் செயல் நடந்த நாள், பதக்கம் வந்த நாள், சான்று சொன்னவர் யார் என்ற மூன்றையும் சேர்த்துப் படிக்கப் பரிந்துரைக்கிறேன். கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலை 3 அன்று தோளிலும் அடிவயிற்றிலும் காயமுற்று, நிற்க முடியாமல் சார்ஜென்ட் ஃபிரெடரிக் ஃப்யூகரின் தோளில் சாய்ந்தபடியே பீரங்கிகளை இயக்கக் கட்டளையிட்டு இறந்த அலோன்சோ குஷிங்குக்குப் பதக்கம் வந்தது 2014-இல். அவரைத் தாங்கிப் பிடித்த ஃப்யூகருக்கு 1897-லேயே கிடைத்துவிட்டது. உயிரோடு இருந்ததால் அவரை நினைவில் வைத்தார்கள். ஆண்ட்ரூஸோடு சென்று தூக்கிலேறிய ஃபிலிப் ஷாட்ராக், ஜார்ஜ் வில்சன் என்ற இருவருக்கு 2024 ஜூலையில்தான் கிடைத்தது. அவர்களோடு சென்ற மற்றச் சிப்பாய்கள் பெரும்பாலும் அந்த நூற்றாண்டிலேயே பெற்றுவிட்டார்கள்.

பொருநை

அந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேருங்கள்: எதிர்த்தரப்பில் உயிர்பிழைத்தவர் என்ன சொன்னார். தென்னகத்தவரே அந்த ரயில் திருடர்களின் துணிவை மெச்சியிருக்கிறார்கள். வூண்டட் நீ பற்றி லகோட்டா மக்கள் சொன்னவை 1891-லேயே வாஷிங்டனில் அதிகாரிகள் முன் பதிவாகியிருக்கின்றன. தேடி அலைய வேண்டியதில்லை.

ஏடகம்

ஏற்கிறேன். நான்கையும் ஒரே பக்கத்தில் வைத்து, நியூ மார்க்கெட் ஹைட்ஸ் பதக்கங்கள் பதினான்கிலிருந்து தொடங்கித் தனி இழை ஒன்று திறக்கிறேன். பதினான்கு பேரில் ஃப்ளீட்வுட்டும் ராபர்ட் பின்னும் இங்கே பேசப்பட்டுவிட்டார்கள். நெய்தல் மற்றவர்களைப் பற்றி எழுதினால், வூண்டட் நீ பகுதியைப் பொருநை எழுதலாம்.